கேட்டலும் வாசித்தலும்: பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு எதை அளக்கிறது?

2023-ஆம் ஆண்டுக்கான அசர் (ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை) ஆய்வு 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் நடந்தது. 14 முதல் 18 வயது வரையுள்ள 34,745 பேரிடம் அடிப்படைத் திறன்கள் சோதிக்கப்பட்டன. எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படி வாசித்தவர்களில் வாக்கியத்தின் பொருளையும் சொல்லத் தெரிந்தவர்கள் 73.5 விழுக்காடு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், நூறு பேரில் வாசித்துப் புரிந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 42 பேர். 15 பேர் வாய்விட்டு வாசித்தார்கள், ஆனால் பொருள் பிடிபடவில்லை. மற்ற 43 பேரால் வாக்கியத்தை வாசிக்கவே முடியவில்லை.

இந்த 15 பேரும் 43 பேரும் ஒரே குறையுடையவர்கள் அல்லர். ஒரு சாராருக்குத் தேவை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி. இன்னொரு சாராருக்குத் தேவை மொழி. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வோ இருவருக்கும் ஒரே மதிப்பெண்ணைப் போட்டு அனுப்பிவிடுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்பது லட்சம் மாணவர் எழுதும் தேர்வு, அவர்களில் யாருக்கு எது வரவில்லை என்ற செய்தியைப் பள்ளிக்குத் திருப்பித் தருவதில்லை.

1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் வாசிப்புக்கு ஓர் எளிய விளக்கம் தந்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்ததே வாசிப்பு. இவ்விரண்டையும் அவர்கள் கூட்டவில்லை, பெருக்கினார்கள். இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. பின்வந்தவர்கள் இதில் பலவற்றைத் திருத்தினார்கள். இரண்டாம் மொழிக்கு இது அப்படியே பொருந்துமா என்றும் விவாதித்தார்கள். ஆனாலும் தேர்வு அமைப்போருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரிது. வாசிப்பில் தவறும் மாணவருக்கு எங்கே இடறுகிறது என்று அறிய, அவருடைய கேட்டலையும் சோதித்தாக வேண்டும். ஒரு பத்தியை நாம் சொல்லக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பெண், அதே தரத்துப் பத்தியை அச்சில் கண்டு திணறினால் அவளுக்கு எழுத்தில்தான் சிக்கல். அச்சில் புரிந்து காதில் புரியாதவனுக்குச் சிக்கல் செவியில். இரண்டிலும் புரியாதவர்களிடம் சொல்வளமும் வாக்கிய அறிவும் போதவில்லை. வாசிப்பு மதிப்பெண் மட்டும் கையிலிருந்தால் முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். இரண்டாமவர் கண்ணிலேயே படமாட்டார்.

எனவே, உயர்நிலைப் பள்ளித் தேர்வில் கேட்டலும் வாசித்தலும் இணையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டுக்கும் மாணவர் முன்பு காணாத, கேளாத பகுதிகளே வர வேண்டும். புரிதலைப் பற்றிய வினாக்கள் மாணவரின் சொந்த மொழியில் இருக்க வேண்டும். மூன்றாவதாகச் சொன்னதைப் பலர் ஏற்கத் தயங்குவார்கள். அதைப் பின்னர் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் இன்றைய வினாத்தாள். 2019-20 கல்வியாண்டில் ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் என்றிருந்த பிரிவு நீங்கி ஒரே தாள் வந்தது. நூறு மதிப்பெண், முழுக்க எழுத்துத் தேர்வு. உரைநடைக் குறுவினா, செய்யுள் வினா, உரைநடை நெடுவினா, துணைப்பாடக் கதை, மனப்பாடச் செய்யுள் என்று பெரும்பகுதி பாடநூலிலிருந்தே வருகிறது. முன்பின் காணாத ஒரு பத்தியையோ கவிதையையோ படித்து விடை எழுத 8 மதிப்பெண். குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதலுக்கு 5. புதிய பகுதியை வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை இந்தத் தாள் தொடுவது இந்த இரு இடங்களில்தான். பாடநூல் வினாக்களில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் நினைவாற்றல். உரைநடைப் பாடத்தின் நெடுவினாவுக்கு விடை எழுதும் மாணவர் தேர்வறையில் எதையும் வாசிப்பதில்லை. கைடில் படித்த விடையை நினைவிலிருந்து எழுதுகிறார். அதில் உழைப்பு உண்டு, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதை வாசிப்புத் திறன் என்று எண்ணி மதிப்பெண் கொடுப்பது தவறான அளவீடு.

காணாத பத்தியிலும் ஒரு தந்திரம் நுழைந்துவிட்டது. வினாவில் உள்ள முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியை அப்படியே எழுதி வைப்பது. பொருள் ஒரு சொட்டும் புரியாமலே இப்படிப் பாதி மதிப்பெண் வாங்கிவிடலாம். வினாக்கள் பத்தியின் சொற்களையே மீண்டும் பயன்படுத்துவதால் இது நடக்கிறது. வினா அமைப்பவர் ஒத்த பொருளுள்ள வேறு சொற்களால் கேட்டாலும், இரண்டு வாக்கியங்களை இணைத்துப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும்படி கேட்டாலும் இந்த வழி அடைபடும். சார்லஸ் ஆல்டர்சன் வாசிப்புத் தேர்வு குறித்து 2000-இல் எழுதிய நூல் முதல் இந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் நம் வினாத்தாள்களை அது வந்தடைந்ததாகத் தெரியவில்லை.

கேட்டலுக்கு இந்த 100-இல் ஓர் இடமும் இல்லை. பாடநூலில் உண்டு. புதிய பாடநூல்களில் ஒவ்வோர் அலகிலும் கேட்டல் பயிற்சி இருக்கிறது. ஆசிரியர் படித்துக் காட்டுவதற்கான பகுதியும் நூலிலேயே அச்சாகியிருக்கிறது. நூலை எழுதியவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். தேர்வில் இல்லாத ஒன்று நூலில் இருப்பதால் மட்டும் அது வகுப்பில் நிலைத்துவிடுமா?

இதற்கு இலங்கையில் விடை கிடைத்திருக்கிறது, அதுவும் ஆய்வின் மூலமாக. 1980-களில் அங்கே கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தர வகுப்புகளுக்குப் புதிய ஆங்கிலப் பாடநூல் வரிசை வந்தது. மொழியைப் பயன்படுத்தக் கற்பிப்பதே அதன் நோக்கம். நான்கு திறன்களும் அதில் இருந்தன. அதனோடு இயைந்த புதிய தேர்வு 1988-இல் தொடங்கியது. நடைமுறைக் காரணங்களால் அந்தத் தேர்வு வாசித்தலையும் எழுதுதலையும் மட்டுமே சோதித்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் வாலும் ஆல்டர்சனும் இலங்கை ஆசிரியர்களோடு சேர்ந்து வகுப்பறைகளை நேரில் கவனித்து, 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் பாடநூலை ஒட்டிச் சென்றார்கள். தேர்வு நெருங்க நெருங்கக் கேட்டலும் பேசுதலும் பின்தங்கின. பழைய வினாத்தாள்களும் தேர்வு வழிகாட்டி நூல்களும் வகுப்பை நிறைத்தன. கற்பிக்கப்படும் பொருளைத் தேர்வு மாற்றியது. கற்பிக்கும் முறையை அது மாற்றவில்லை என்பது அவர்கள் கண்ட இன்னொரு உண்மை. ஆசிரியர் பழைய முறையிலேயே புதிய தேர்வுக்கும் ஆயத்தம் செய்தார், ஏனென்றால் புதிய முறைக்கான பயிற்சியும் விளக்கமும் அவருக்குப் போதிய அளவில் சென்று சேரவில்லை.

இந்த ஆய்வின் இரு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேர்வில் இல்லாதது வகுப்பிலிருந்து மறையும் என்ற முதல் முடிவைச் சொல்லித் தேர்வில் கேட்டலைச் சேர் என்று வாதிடுவது எளிது. சேர்த்துவிட்டால் ஆசிரியர் தானாக மாறிவிடுவார் என்ற நம்பிக்கையை இரண்டாம் முடிவு உடைக்கிறது. இலங்கையின் இந்தப் பட்டறிவு பாக் நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சியில் அதிகம் பேசப்படாதது வருத்தமே.

கேட்டலைத் தேர்வில் சேர்த்தவர்களின் கதை வேறு. தென்கொரியாவில் பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியத் தேர்வு 1993-இல் தொடங்கியபோதே அதில் ஆங்கிலக் கேட்டல் இருந்தது. இன்று ஆங்கிலத் தாளின் 45 வினாக்களில் 17 கேட்டலுக்கு உரியவை. கேட்டல் பகுதி நடக்கும் நேரத்தில் நாடு முழுதும் 35 நிமிடங்களுக்கு விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. வெளிநாட்டார் இதை வியப்புச் செய்தியாகவே எழுதுவார்கள். ஒரு பதின்வயதினரின் செவிப்புலனை அரசு எவ்வளவு மதிக்கிறது என்பதையே நான் இதில் காண்கிறேன்.

ஆனால் அதே தேர்வின் வாசிப்புப் பகுதியில் ஒரு பெரும் சறுக்கல் நேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது அதுதான். தனிப்பயிற்சிச் செலவைக் குறைக்க விரும்பிய அரசு, கல்வித் தொலைக்காட்சி வெளியிடும் பயிற்சி நூல்களோடு தேர்வை இணைத்தது. 2010-இல் அந்த இணைப்பு 70 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஏழை மாணவருக்கும் மலிவான நூல் கையில் இருக்கும் என்பது நோக்கம். பயிற்சி நூலின் பத்திகள் தேர்வில் அப்படியே வரத் தொடங்கியதும், மாணவர்கள் ஆங்கிலப் பத்தியை விட்டுவிட்டு அதன் கொரிய மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்தார்கள். முதல் வரியைப் பார்த்ததும் எந்தப் பத்தி என்று தெரிந்துவிடும். மீதியைப் படிக்கவே வேண்டாம். இந்தக் குறையை அரசே உணர்ந்தது. 2021 நவம்பரில் நடந்த தேர்விலிருந்து இணைப்பு 50 விழுக்காடாகக் குறைந்தது; ஆங்கிலத்தில் பயிற்சி நூலின் பத்தி அப்படியே வருவது நின்றது. நல்லெண்ணத்தோடு வைத்த தெரிந்த பத்தி, வாசிப்பை வாசிப்பாக இல்லாமல் ஆக்கிவிட்டது. நம் துணைப்பாட வினாக்களும் உரைநடை வினாக்களும் பல ஆண்டுகளாக இதையே செய்துவருகின்றன.

ஜப்பானின் அனுபவம் கருவியையும் மதிப்பெண் பங்கையும் பற்றியது. அங்கே 2006 சனவரியில்தான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் கேட்டல் முதன்முதலாக நுழைந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியோடு ஒரு சிறு ஒலிப்பான் கொடுத்தார்கள். முதலாண்டில் கருவிக் கோளாறு எழுந்ததால் சில நூறு பேருக்கு மறுதேர்வு வைத்தார்கள். அதற்காகத் திட்டத்தைக் கைவிடவில்லை. அப்போது எழுத்துத் தாளுக்கு 200, கேட்டலுக்கு 50. 2021-இல் புதிய பொதுத்தேர்வு வந்தபோது வாசித்தல் 100, கேட்டல் 100 என்று சமமாயின. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு வர அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகின.

அதே ஜப்பான் இன்னொன்றையும் முயன்று பின்வாங்கியது. நான்கு திறன்களையும் அளக்கத் தனியார் நடத்தும் ஆங்கிலத் தேர்வுகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார்கள். தேர்வுக் கட்டணத்தையும் தேர்வு மையத் தொலைவையும் நினைத்து ஊர்ப்புற மாணவர்கள் அஞ்சினார்கள். அவரவர் தத்தம் நிலைக்கு ஏற்பப் போட்டியிடட்டும் என்ற பொருளில் 2019 அக்டோபரில் அன்றைய கல்வி அமைச்சர் கொய்ச்சி ஹகியுதா பேசியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. நவம்பர் முதல் நாளில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது, 2021-இல் கைவிடப்பட்டது. திறனை அளக்கும் பொறுப்பைப் பொதுத்தேர்வு ஏற்காவிட்டால் அது பணமுள்ளவர்களின் பக்கம் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் வெளிநாட்டுப் படிப்புக்காகப் பெருந்தொகை கட்டி எழுதப்படும் தேர்வுகளில்தான் நம் பிள்ளைகள் பலர் முதன்முதலாக ஒரு கேட்டல் தேர்வைச் சந்திக்கிறார்கள்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இதில் நமக்கு முன்னே சென்றது. 2012-13-இல் பேசுதலுக்கும் கேட்டலுக்கும் தனி மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. இன்று அது பத்தாம் வகுப்பில் 20 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்குள் 5 மதிப்பெண்ணாகச் சுருங்கிப் பள்ளியின் கையில் இருக்கிறது. அகமதிப்பீட்டை நான் வெறுக்கவில்லை. பேசுதலுக்கு அதுவே பொருந்தும். கேட்டலுக்கு அது பொருந்தாது. கேட்டல் தேர்வின் உயிர், எல்லாரும் ஒரே குரலை ஒரே வேகத்தில் கேட்பதில் இருக்கிறது. ஓர் ஆசிரியர் நிறுத்தி நிறுத்தித் தெளிவாகப் படிப்பார், மற்றொருவர் வேகமாகப் படிப்பார். இரு வகுப்பின் மதிப்பெண்ணும் ஒரே பட்டியலில் ஏறும்போது அவற்றை ஒப்பிட இடமில்லாமல் போகிறது.

தமிழ் மாணவரின் செவிக்கு ஆங்கிலம் எப்படி எட்டுகிறது என்பது இந்த விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி. நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை முதலில் அறிவது எழுத்தில்தான். எழுத்துக்கூட்டி ஓர் ஒலியை அவர்களே அமைத்துக்கொள்கிறார்கள். பேச்சில் அந்தச் சொல் வேறு உருவில் வரும்போது, கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியாமல் போகிறது. தமிழில் ஒவ்வோர் அசையும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தோடு ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை ஓங்கும், மற்றவை தேய்ந்து மறையும். 'முடியும்' என்பதற்கான 'கேன்' விரைவான பேச்சில் 'கன்' என்று ஒடுங்கும். 'முடியாது' என்பதற்கான 'கான்ட்' முழு உயிரொலியோடு வரும், ஆனால் அதன் இறுதி 'ட்' பல நேரம் காதில் விழாது. வேறுபாடு உயிரொலியில் இருக்கிறது. மாணவரோ 'ட்' ஒலிக்காகக் காத்திருக்கிறார். நேர் எதிர்ப் பொருளைப் புரிந்துகொண்டு எழுந்து போகிறார். 'தர்ட்டி', 'தர்ட்டீன்' என்ற இரண்டும் அப்படித்தான். அழுத்தம் விழும் இடம் தெரியாதவருக்குத் தொடர்வண்டி நேரம் பிழையாகும். தமிழ் எழுத்தில் ஒரே 'ப'கரம் இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால் எழும் குழப்பமும் உண்டு, ஆனால் சூழல் அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

ஜான் ஃபீல்டு 2008-இல் எழுதிய நூலில், கேட்டல் வகுப்பு என்றால் ஒலிநாடாவைப் போட்டுக் கேள்வி கேட்பது என்ற பழக்கத்தைக் கண்டித்தார். தொடர்பேச்சில் சொல்லின் எல்லையைப் பிரித்தறியக் கற்றுக்கொடுக்காமல் விடையைச் சரி, தவறு என்பதால் பயனில்லை என்றார். தேர்வுக்கும் இது பொருந்தும். எண், நேரம், எதிர்மறை, ஆளின் பெயர், செய்ய வேண்டிய செயலின் வரிசை ஆகியவற்றை மையமாக வைத்த சிறு பகுதிகள் பத்தாம் வகுப்புக்குப் போதும். தொடர்வண்டி நிலைய அறிவிப்பு, வானிலைச் செய்தி, மருத்துவமனையில் மருந்து உண்ணும் முறையைச் சொல்லும் குரல், வங்கியிலிருந்து வரும் அழைப்பு ஆகியவை நம் மாணவர் நாளைக்கே கேட்கப்போகும் ஆங்கிலம். குரல் இந்தியக் குரலாகவே இருக்கலாம். இரண்டொன்று வேறு நாட்டுக் குரலாக இருந்தால் நல்லது. ஜப்பானியப் பொதுத்தேர்வு அமெரிக்க ஒலிப்போடு மட்டும் நிற்காமல் பிரிட்டன் ஒலிப்பையும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் குரலையும் சேர்த்திருக்கிறது.

ஒருமுறை ஒலிக்க வேண்டுமா, இருமுறையா? வாழ்வில் ஒருமுறைதான் கேட்கிறோம் என்பார்கள். வாழ்வில் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்கவும் முடியும்; தேர்வறையில் முடியாது. கொரியத் தேர்வில் கடைசி நீண்ட பகுதி தவிர மற்றவை ஒருமுறையே ஒலிக்கும். ஜப்பானில் தொடக்கப் பிரிவுகள் இரண்டு முறை, பிந்தியவை ஒருமுறை. அவை இரண்டும் மாணவரைத் தரம் பிரிக்கும் நுழைவுத் தேர்வுகள். பத்தாம் வகுப்புத் தேர்வு பள்ளிக் கல்வியின் பயனை அளப்பது. எனவே எல்லாப் பகுதிகளும் இருமுறை ஒலிக்க வேண்டும் என்பதே என் துணிபு.

இனி வினாக்களின் மொழி. ஆங்கிலத்தைக் கேட்டு, ஆங்கில வினாவைப் படித்து, ஆங்கிலத்தில் விடை எழுதும் மாணவர் தவறினால் எதில் தவறினார்? செவியிலா, வினாவைப் படிப்பதிலா, விடையை எழுதுவதிலா? சாமுவேல் மெசிக் தேர்வின் ஏற்புடைமை பற்றி எழுதியபோது, அளக்க வந்த திறனுக்குத் தொடர்பில்லாத இடர்கள் மதிப்பெண்ணைக் கெடுப்பதைப் பெரும் குறையாகச் சுட்டினார். கேட்டல் தேர்வில் ஆங்கில வினா அப்படிப்பட்ட இடர். கொரியத் தேர்வில் கேட்டல் வினாக்கள் கொரிய மொழியில் இருக்கின்றன. சில வினாக்களுக்குத் தெரிவு விடைகளும் கொரிய மொழியிலேயே. அந்த நாட்டு மாணவர்கள் அதனால் மொழிபெயர்த்தே கேட்கும் பழக்கத்துக்கு ஆளானார்கள் என்று யாரும் நிறுவியதாக நான் அறியேன். தமிழ்வழி மாணவருக்குத் தமிழிலும், தெலுங்கு, உருது, மலையாளம், கன்னட வழியில் பயில்வோருக்கு அவரவர் மொழியிலும், உடன் ஆங்கிலத்திலும் வினா அச்சிடுவது அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் புதிய வேலை அன்று. மற்றப் பாடங்களில் இருமொழி வினாத்தாள் ஏற்கெனவே உண்டு. ஆங்கிலத்தில் எழுதும் திறனைச் சோதிக்க எழுதுதல் பகுதி இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

இதற்கு எதிராக வரும் கேள்விகளில் கனமானது ஒன்றுதான். மனப்பாடப் பகுதிகளைக் குறைத்தால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை 35 மதிப்பெண் எடுக்க முடியாமல் தவிக்கும் என்பது அது. மெல்லக் கற்போருக்காக மாலையில் உட்கார்ந்து கதைக் குறிப்புகளையும் செய்யுள் வரிகளையும் மனத்தில் ஏற்றும் ஆசிரியர்களின் அக்கறை உண்மையானது. அந்த உழைப்பை வேறு பக்கம் திருப்பலாம் என்பதே என் மறுமொழி. இருபது வரி நெடுவினா விடையைப் பொருள் தெரியாமல் உருப்போடுவதைவிட, எண்பது சொற்களில் எளிய அறிவிப்பு ஒன்றைப் படித்துத் தமிழில் விடையைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிள்ளைக்கு எளிது. தேர்வு கடினமாகும் என்ற அச்சம், காணாத பத்தி என்றால் கடினமான பத்தி என்று நாம் பழகிவிட்டதால் வருவது. எளிய, நடுத்தரமான, கடினமான பகுதிகளை வரிசையாக வைத்தால் ஒவ்வொருவருக்கும் நிற்க ஓரிடம் கிடைக்கும்.

கருவி இல்லை என்ற கேள்விக்கு இன்று பாதி விடை கிடைத்துவிட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒரே வேளையில் தேர்வெழுதும் லட்சக்கணக்கானோருக்கு அவை போதா. தேர்வறைக்கு ஒலிபெருக்கியே வழி. தகரக் கூரையில் மழை பெய்தாலோ மின்சாரம் நின்றாலோ என்ன செய்வது என்பதற்கான விதிகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். செவித்திறன் குறைந்த மாணவருக்குக் கேட்டல் பகுதியின் மதிப்பெண்ணை வாசித்தலுக்கு மாற்றித் தருவதே நீதி. அந்த மாற்றம் அவர்களுடைய மதிப்பெண் சான்றிதழில் தனியாகத் தெரியக் கூடாது.

வினாக்களை நேராகப் பொதுத்தேர்வில் இறக்குவதும் கூடாது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்பதாம் வகுப்பில் சில மாவட்டங்களில் அவற்றை முன்சோதித்துப் பார்க்க வேண்டும். நன்றாகப் படிக்கும் மாணவரும் தவறும் வினா எது, எல்லாரும் சரியாகச் சொல்லும் வினா எது என்று பார்த்து நீக்க வேண்டும். இலங்கையில் விட்டுப்போன பணியையும் அப்போதே செய்ய வேண்டும்: முன்சோதனையில் வகுப்பு செய்த தவறுகளை ஆசிரியரோடு உட்கார்ந்து படித்து, 'கான்ட்' ஏன் தப்பியது என்று காட்டுவது. முதல் ஆண்டில் கேட்டலுக்கு 10, காணாத பகுதி வாசிப்புக்கு 20 என்று தொடங்கினால் போதும். மதிப்பெண்ணை மொத்தமாகப் போடாமல் கேட்டல், வாசித்தல் என்று இரண்டு கட்டங்களில் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பதினொன்றாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் சூன் மாதத்தில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த இரண்டு எண்கள் இருக்க வேண்டும்.